கற்காலத்து உண்டியும் கருப்பொருளும்

மேனாட்டிலே உணவு பற்றிய புதுக்கொள்கைகள் ஆண்டுக்கு ஒன்றாகத் தோன்றுகின்றன; அவற்றுட் பல அடுத்த ஆண்டிலேயே மறைந்தும் போகின்றன. மறையாது நின்று, இன்று நம் நாட்டவராலும் பேசப்படுவதாய கொள்கை ஒன்று உண்டு. கற்கால மனிதன் உண்டதை உண்டால் நோயின்றி வாழலாம் என்பதே அது. வேளாண்மை தோன்றி ஏறக்குறைய 10,000 ஆண்டுகளே ஆயின. அதற்கு முன்னர்க் கணக்கற்ற தலைமுறையாக மனிதன் வேட்டையாடியும், கிழங்கு அகழ்ந்தும், கனி பறித்தும் உயிர் வாழ்ந்தான். நம் உடம்பு அவ்வாழ்வுக்கு அமைந்த உடம்பு. அதற்கு நெல்லும் கோதுமையும் பாலும் பருப்பும் சீனியும் ஒவ்வாப் பொருள்கள். இவ்வாறு அக்கொள்கையினர் வாதிப்பர். தானியம், பருப்பு, பால், சீனி, உப்பு ஆகியவற்றை நீக்கி, இறைச்சி, மீன், முட்டை, காய், கனி, கொட்டை என்பவற்றைக் கொள்க என்பது அவர் விதி. உருளைக்கிழங்கையும் விலக்குவார் அவருட் பலர்.

இக்கொள்கைக்கு ஒரு வரலாறு உண்டு. வட துருவத்து நாடுகளில் இனுவிட் மக்களோடு பல்லாண்டு வாழ்ந்த ஸ்டெபான்சன் என்னும் ஆராய்ச்சிப் பயணி, இறைச்சியை மாத்திரம் உண்டு வாழ இயலும் என்று கூறியபோது மருத்துவர்கள் நம்பவில்லை. 1928ஆம் ஆண்டில் அவரும் அவர் தோழர் அண்டர்சனும் நியூயோர்க் நகரத்துப் பெல்வியூ மருத்துவமனையின் மேற்பார்வையில் ஓராண்டுக் காலம் இறைச்சியும் கொழுப்புமே உண்டு காட்டினர். கொழுப்பற்ற இறைச்சியை மாத்திரம் கொடுத்த இரண்டு மூன்று நாளிலேயே ஸ்டெபான்சனுக்கு வயிற்றோட்டம் கண்டது. கொழுப்பைச் சேர்த்ததும் தெளிந்தது. பின்னர் 1975இல் வோல்டர் வோக்ட்லின் என்னும் மருத்துவர் கற்கால உணவு பற்றி ஒரு நூல் எழுதினார். அதனைப் படித்தார் சிலரே. 1985இல் போயிட் ஈற்றன், மெல்வின் கொன்னர் என்னும் இருவர் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியிட்ட கட்டுரையே அறிஞர் உலகின் கவனத்தை ஈர்த்தது. 2002இல் லோறன் கோடெயின் என்னும் பேராசிரியர் எழுதிய நூல் அக்கருத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது.

அக்கொள்கையில் உண்மை இல்லாமல் இல்லை. தீட்டிய மாவும், சீனியும், சீனி கரைத்த பானங்களும், ஆலையிலே உருமாறி வரும் பலவகைத் தீனிகளும் நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் துணை செய்வன என்பதை இன்று மறுப்பார் இலர். அவற்றை நீக்கி, காயும் கனியும் மீனும் மிகுத்து உண்டவன் நலம் பெறுவதில் வியப்பில்லை. அந்நலத்துக்குக் காரணம் சீனியை விட்டமையா, கற்காலத்துக்குத் திரும்பினமையா என்பதுதான் கேள்வி. பயற்றையும் கடலையையும் விலக்கச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த அளவில் வலுவான காரணம் இல்லை. புலால் மறுத்த குடும்பத்தாருக்குப் பருப்பையும் பாலையும் விலக்கினால் எஞ்சுவது யாது? இக்கொள்கையை வகுத்தோர் நம் அடுக்களையை எட்டிப் பார்த்தவர் அல்லர் என்பது தெளிவு.

ஆயினும் நான் இங்கே எடுத்துக்கொண்ட பொருள் வேறு. 'கற்கால மனிதன்' என்று ஒருமையிலே கூறுகின்றார்களே, அவன் யாவன்? எந்நிலத்தான்? எம்மழையில் நனைந்தான்?

தமிழ் இலக்கணம் கற்றோருக்கு இக்கேள்வி புதிதன்று. தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுத்தோதும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். மரமும் பறவையும் பறையும் தொழிலும் நிலத்துக்கு நிலம் வேறுபடுதல் போல உணவும் வேறுபடும் என்பது அவர் கோட்பாடு. குறிஞ்சிக்குத் தினையும் தேனும் கிழங்கும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல், நெய்தலுக்கு உப்பும் மீனும் விற்றுப் பெற்ற பொருள், பாலைக்கு வழிப்பறியாலும் சூறையாலும் கிடைத்த பொருள் என்று பின் வந்த இலக்கணிகள் விரித்தனர். உணவென்பது நிலம் ஈன்ற பொருள். நிலத்தினின்று பிரித்து அதனைப் பேசுதல் எம் மரபன்று. இனி, கற்காலத்து மக்களை அவரவர் நிலத்திலே வைத்துப் பார்ப்போம்.

முதலில் நம் இலங்கையையே எடுத்துக்கொள்வோம். களுத்துறை மாவட்டத்திலே புலத்சிங்களவுக்கு அண்மையில் பாஹியன் குகை இருக்கின்றது. இரத்தினபுரிப் பக்கத்திலே குருவிட்டவுக்கு அருகில் பட்டதொம்ப குகையும், கித்துல்கலையிலே பெலி குகையும் உள. பலாங்கொடை மனிதன் என்று நாம் பள்ளிப் பாடத்திலே படிக்கும் தொல்குடியினர் வாழ்ந்த குகைகள் இவை. தந்தையாகிய பி. ஈ. பி. தெரணியகலவும் மைந்தராகிய சிரான் தெரணியகலவும் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. பாஹியன் குகையில் மனிதர் குடியிருந்தமைக்குக் கிடைத்த சான்று 45,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையது.

அம்மக்கள் உண்டது யாது? மேனாட்டு நூல்களின் அட்டையிலே ஈட்டி ஏந்திய வீரன் ஒருவன் பெருவிலங்கைத் துரத்துகின்றான். பாஹியன் குகையிலே கிடைத்த எலும்புகளை எண்ணி வகைப்படுத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய வீரனைக் காணோம். எலும்புகளிற் பெரும்பாலானவை முசுவும் குரங்கும் மரவணிலும் ஆகிய சிற்றுயிர்களுடையவை. அடர்ந்த மழைக்காட்டிலே கிளைக்குக் கிளை தாவும் உயிரைப் பிடிப்பது எளிதன்று. அதற்கு நுட்பமான கருவி வேண்டும். அக்கருவியையும் அக்குரங்கின் எலும்பினாலேயே செய்தனர். கூர்தீட்டிய எலும்பு முனைகள் பல அங்கே கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து, வில்லும் அம்பும் வழங்கின என்று 2020இல் ஆய்வாளர் கூறினர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில் வழங்கியமைக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

இறைச்சி இது. இதனோடு மரத்தில் வாழும் பெரிய நத்தைகளையும் ஓடைகளிலே கிடைக்கும் நத்தைகளையும் உண்டனர். குகைத் தரையிலே நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தன. கெக்குண என்று சிங்கள மக்கள் வழங்கும் மரத்தின் கொட்டைகளும், காட்டீரப்பலாவும், விதை மலிந்த காட்டு வாழையும் உண்ணப்பட்டமைக்குக் கரிந்த எச்சங்கள் சான்று பகர்கின்றன. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள பட்டதொம்ப குகையிலே கடற்சிப்பிகள் கிடைத்தன. கடற்கரையோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது போலும். 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இக்குகைகளிற் கிடைத்த மனிதப் பற்களின் எனாமலைச் சோதித்து, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்தே இம்மக்கள் மழைக்காட்டின் விளைபொருளை நம்பி வாழ்ந்தனர் என்று நிறுவிற்று.

ஆகவே, கற்கால உணவை உண்பேன் என்று விரதம் பூண்ட கொழும்பு அன்பர் ஒருவர் தம் சொந்த மண்ணின் கற்காலத்தைப் பின்பற்ற விரும்பின், குரங்கும் அணிலும் நத்தையும் கெக்குணக் கொட்டையுமே அவர் இலையில் இடவேண்டியவை. அவரோ கலிபோர்னியாவிலிருந்து வந்த வாதுமைப் பருப்பை வாங்குகின்றார்!

கடல் கடந்து நோக்கினும் இதே வேறுபாடுதான். கலிலேயாக் கடலின் கரையில் ஓஹாலோ என்னுமிடத்திலே 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் காட்டுக் கோதுமையையும் காட்டு வாற்கோதுமையையும் சேர்த்துவைத்தனர். தானிய மாப்பொருள் படிந்த அரைகல் அங்கே கிடைத்தது. யோர்தான் நாட்டின் கரும்பாறைப் பாலையிலே 14,400 ஆண்டுப் பழைமையுடைய அடுப்பொன்றிற் கரிந்த ரொட்டித் துண்டுகள் கிடைத்தன. உழவு தோன்றுவதற்கு ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே சுட்ட ரொட்டி அது. தானியத்தைத் தொடாதவன் கற்கால மனிதன் என்ற கூற்று இவ்வடுப்புச் சாம்பலிலே கரைந்துபோகின்றது. மொறொக்கோவிலே தாபொறால்ட் குகையில் 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் ஓக் மரத்தின் கொட்டைகளை மிகுதியாக உண்டனர். அவர்தம் பற்களிற் பாதிக்கு மேற்பட்டவை சொத்தையானவை. வேட்டுவனுக்குப் பல் நோயில்லை என்பதும் எல்லா நிலத்துக்கும் பொருந்தாது.

உடம்பு மாறவில்லை என்னும் வாதமும் முழுமையாகச் செல்லாது. பெரியவரான பின்னும் பாலைச் செரிக்கும் ஆற்றல் சில இனத்தாரிடம் கடந்த 10,000 ஆண்டுக்குள்ளேயே பரவிற்று. மாப்பொருளைச் செரிக்க உமிழ்நீரிற் சுரக்கும் நொதியத்துக்குரிய மரபணு, நெடுங்காலம் தானியமும் கிழங்கும் உண்ட மக்களிடம் கூடுதலான படிகளாய்க் காணப்படுகின்றது என்று 2007இல் காட்டப்பட்டது. உண்டியை உடம்பு பழகிக்கொள்கின்றது. எவ்வளவு விரைவில் என்பதே வாதத்துக்குரியது.

மறுபுறம், பழங்குடியினர் முப்பது வயதிலே முடிந்துபோயினர் என்று எள்ளுவோர் கூற்றும் பிழை. குழந்தை இறப்பு மிகுதியாதலாற் சராசரி ஆயுள் குறைந்தது உண்மை. ஆனால், வேட்டையாடி உண்ணும் இனங்கள் பலவற்றை ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்தவராய்விட்டோர் எழுபதை அண்மிய வயது வரை வாழ்வது அங்கே அரிதன்று என்று காட்டிற்று.

இனி, பாட்டுக்கு வருவோம். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியிருந்தபோது, அம்மலையைப் பசியால் வெல்ல இயலாது என்று கபிலர் பாடினார் அன்றோ? ஏர் பூட்டாமலே அம்மலை தரும் பொருள்கள் நான்கு என்று அவர் கணக்கிட்டார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. புறநானூற்றிலே இப்பாட்டைக் கற்பிக்குந்தோறும் நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு: கபிலர் தம் பட்டியலில் இறைச்சியைக் கூறவில்லை, தானியத்தையும் கிழங்கையும் தேனையும் கூறினார். மலையில் விலங்கு இல்லாமையால் அன்று. முற்றுகையைத் தாங்கும் உணவு நாள்தோறும் கைக்கு எட்டுவதாய் இருத்தல் வேண்டும். வேட்டை கிடைத்தாற் கிடைக்கும். கிழங்கோ தோண்டிய இடத்தில் இருக்கும். ஆபிரிக்காவிலே தன்சானியா நாட்டின் ஏயாசி ஏரியைச் சூழ வாழும் ஹட்சா மக்களைப் பற்றி ஆய்வாளர் எழுதியவற்றைப் படித்தபோது எனக்குப் பறம்பு மலையே நினைவில் எழுந்தது. அங்கும் ஆடவர் வில்லுடன் சென்று பல நாள் வெறுங்கையராய் மீள, பெண்டிர் கோலால் அகழ்ந்த கிழங்கும் பறித்த சிறுகனிகளுமே குடும்பத்தைத் தாங்குகின்றன. தேன் அவர்க்கு மிக விருப்பமான உணவு. தேன் இருக்கும் மரத்துக்கு வழிகாட்டும் பறவை ஒன்று அவர்க்குத் துணை. கலகாரிப் பாலையிலே குங் மக்களிடம் 1960களில் தங்கி ஆராய்ந்த றிச்சர்ட் லீ என்பவர், அவர்தம் உணவிலே பெரும்பகுதி மரக்கறிப் பொருளே, அதிலும் மொங்கொங்கோ என்னும் கொட்டையே முதன்மையானது என்று அளந்து காட்டினார்.

ஆக, பட்டியல் நிலத்துக்கு நிலம் வேறு. அவ்வாறாயின் கற்கால உணவால் நோய் தீரும் என்பது முற்றும் பொய்யா? இவ்விடத்திலே அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும். இப்பொருளில் நான் படித்தவற்றுள் என் மனத்தை விட்டு நீங்காதது அதுவே.

மேற்கு அவுஸ்திரேலியாவின் வட பகுதியிலே டேர்பி என்னும் சிறு நகரத்துக்கு அண்மையில் மோவாஞ்சும் என்னும் குடியிருப்பு உண்டு. மூன்று தொல்குடியைச் சேர்ந்த மக்கள், பாதிரிமார் நிலையங்களிலே இடத்துக்கு இடம் மாற்றப்பட்டு, ஈற்றில் அங்கே வந்து தங்கினர். கடையிலே விற்கும் மா, சீனி, அரிசி, குளிர்பானம், மதுபானம், கொழுப்பு மிக்க மலிவான இறைச்சி என்பனவே அவர்தம் உணவாயின. நீரிழிவு நோய் மலிந்தது. 1982இல் கெறின் ஓடீ என்னும் பெண் ஆய்வாளர் அவர்களுள் நீரிழிவு உடையோர் பத்துப் பேருடன் அவர் முன்னோர் வாழ்ந்த காட்டுக்குச் சென்றார். ஏழு வாரம். தம் கையால் வேட்டையாடியதும் சேர்த்ததுமே உணவு. முதலிலே வழிப்பயணம்; அப்பொழுது மாட்டிறைச்சியே பெரும்பான்மை. அடுத்துக் கடற்கரையில் மீனும் பறவையும் கங்காருவும். பின்னர் உள்நாட்டு ஆற்றோரத்திலே நன்னீர் மீன், ஆமை, முதலை, கிழங்கு, அத்திப்பழம், காட்டுத்தேன்.

ஏழு வாரம் கழிந்தபோது ஒவ்வொருவரும் சராசரி 8 கிலோ எடை குறைந்திருந்தனர். வெறும் வயிற்றிலே குருதியிலுள்ள சீனி, லீற்றருக்கு 11.6 மில்லிமோலிலிருந்து 6.6 மில்லிமோலுக்கு இறங்கிற்று. குருதிக் கொழுப்பும் குறைந்தது. இம்முடிவுகள் 1984இல் வெளியாயின.

இதனைக் கண்டு, கங்காரு இறைச்சியும் அத்திப்பழமும் நீரிழிவுக்கு மருந்து என்று முடிவு கட்டுவோன் ஏமாறுவான். எடை குறைந்தமை, உணவிற் கொழுப்புக் குறைந்தமை, உடலுழைப்பு மிகுந்தமை என்று மூன்று காரணங்களை ஓடீ கூறினார். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. காட்டு விலங்கு கொழுப்பற்றது; தேடாமற் கிடையாது; தேடினும் அளவாகவே கிடைக்கும். அக்காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த உணவு ஏறக்குறைய 1,200 கலோரி என்று கணக்கிட்டனர். இறைச்சி உண்ணச் சொன்ன மருத்துவர் அதன் அளவை வகுக்கவில்லை. அங்கே அளவை வகுத்தது நிலம். இதனோடு 2012இல் ஹட்சா மக்களிடம் செய்த அளவீட்டையும் சேர்த்து எண்ணலாம். நாள்தோறும் பல மைல் நடக்கும் அம்மக்கள் செலவிடும் மொத்தச் சக்தி, உடலின் பருமனுக்கேற்பக் கணக்கிட்டபோது, நாற்காலியிலிருந்து தொழில் செய்யும் மேனாட்டாரினும் மிகுந்ததாய் இல்லை. உழைப்பு உடம்புக்கு நன்மையே. ஆயினும் ஹட்சா மக்கள் பருக்காமைக்கு நடை மாத்திரம் காரணமாதல் அரிது. கிடைத்த அளவே உண்பதும் காரணம்.

நகரத்தார்க்கு அளவை வகுப்பவர் எவர்? கற்கால உணவு என்ற பெயரோடு பொதிசெய்த தீனிகள் இன்று கடைகளில் விற்கின்றன. தேங்காய் மாவினாலும் பேரீச்சம்பழத்தாலும் செய்த 'கற்காலக் கேக்' கூட உண்டாம்! எந்நிலத்துக் கருப்பொருள் அஃது என்று தொல்காப்பியரைக் கேட்டால் அவர் என் சொல்வாரோ. வழிப்பறியால் உண்ட பாலை நிலத்தாருங்கூட எவ்வழியில் எவனிடம் பறித்தோம் என்று அறிந்திருந்தனர்.

மோவாஞ்சும் மக்கள் ஏழு வாரத்தின்பின் மீண்டும் குடியிருப்புக்கே திரும்பினர். தம் முன்னோர் காட்டை விட்டு வந்தவர் ஆதலின், அவர்க்கு அவ்வுணவு நிலையாக வாய்த்தற்கு இடமில்லை. இதனை எண்ணும்போது நம் நாட்டு வேடரை எண்ணாதிருத்தல் இயலாது.

1660இல் கொட்டியாரத்திலே சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 ஆண்டு வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலிலே வேடரின் உணவு பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். மரத்தைக் குடைந்து, அதிலே தேனை ஊற்றி, இறைச்சியை இட்டு நிரப்பி, களிமண்ணால் மூடிவைப்பராம். பஞ்ச காலத்திலே எடுத்து உண்பராம். தேன் கெடாது, தேனில் இட்ட ஊனும் எளிதிற் கெடாது. 1911இல் செலிக்மன் தம்பதியினர் வேடரைப் பற்றி எழுதிய பெருநூலிலே, கொடியாலே ஏணி பின்னி மலைமுகட்டிலிருந்து இறங்கித் தேனெடுக்கும் முறையையும், காட்டுக் கிழங்கின் முதன்மையையும் விரித்துரைத்தனர். அப்பொழுதே பல குடும்பங்கள் சேனைப் பயிரிடத் தொடங்கியிருந்தன. கிழக்குக் கரையிலே வாகரை, மூதூர்ப் பக்கங்களில் வாழ்ந்த வேடர் தமிழ் பேசி, கடலில் மீன் பிடித்து வாழ்ந்தனர். வேடருக்குள்ளும் குறிஞ்சியர் உளர், நெய்தலார் உளர்.

கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது வேடர் வேட்டையாடிய காடுகளிற் பெரும்பரப்பு நீரில் மூழ்கிற்று. எஞ்சிய மாதுறு ஓயாக் காடு 1983 நவம்பரிலே தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. காட்டைக் காத்தல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மகாவலித் திட்டத்தாற் பெருகிய குடியேற்றங்களிலிருந்து அக்காட்டைக் காக்க வேறு வழியும் அரிது. ஆனால் பூங்கா எல்லைக்குள் வேட்டையாடுதலும், தேனெடுத்தலும், கிழங்கு அகழ்தலும் சட்டப்படி குற்றமாயின. அக்காட்டிலே பல தலைமுறையாக அம்மூன்றையும் செய்து வாழ்ந்தோர் ஹெனானிகலவிலே மகாவலிக் குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டு, நீர்ப்பாய்ச்சல் வயல் வழங்கப்பெற்றனர். கிழங்கு அகழ்ந்த கைகள் நாற்று நட்டன, உண்டது சோறு. ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஒரு குலத்தார் குறிஞ்சியிலிருந்து மருதத்துக்கு மாறினர்.

வேடர் தலைவர் திசாஹாமி மாத்திரம் பெயர மறுத்தார். தம்மோடு நின்ற சில குடும்பங்களுடன் தம்பானையிலேயே தங்கி, 1998இல் அங்கேயே உயிர் நீத்தார்.